வலிப்பு நோயும் மூளைப் படமும்



வலிப்புற்ற மகனை இயேசுவிடம் அழைத்து வந்த தந்தையை மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். எவ்வளவு காலமாக இப்படி என்று ஆண்டவர் வினவுகிறார். சிறு வயது முதலே என்றும், தீயிலும் நீரிலும் விழுகிறான் என்றும் தந்தை ஒளிக்காமல் சொல்கிறார்.

இன்றும் மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான். எந்தக் கை முதலில் இழுத்தது? எவ்வளவு நேரம் நீடித்தது? கண்டவர் சொல்லும் விவரமே நோயைக் காட்டும். நோயின் காரணத்தைத் தேடவே ஸ்கேன் படம் எடுக்கிறார்கள்.

அப்படம் சிகிச்சையையே மாற்றிய வரலாறு நமக்கு அருகிலுள்ள வேலூரில் உண்டு. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் நாட்டின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். பின்னாளில் சி.டி. ஸ்கேன் வந்தபோது, வலிப்புற்ற பலரின் மூளையில் சிறு கட்டி ஒன்று தென்பட்டது. காசநோய்க் கட்டியென்று கருதி, மாதக்கணக்கில் அதற்குரிய மருந்து கொடுப்பது நம் நாட்டில் வழக்கமாயிருந்தது. வேலூரில் டாக்டர் வேதாந்தம் ராஜசேகரும் உடன் பணியாற்றியோரும் அக்கட்டிகளின் திசுவை எடுத்து ஆராய்ந்தனர். பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம்புழு மூளையில் தங்கியதால் வந்தவை என்று 1990ஆம் ஆண்டையொட்டி நிறுவினர். இத்தகைய சிறு கட்டிகள் பெரும்பாலும் தாமே மறைந்துவிடும். வலிப்பு மாத்திரையை ஒழுங்காக உட்கொள்ள வேண்டும். தேவையற்ற காசநோய் மருந்தினின்றும் அறுவையினின்றும் பலர் தப்பினர்.

நாடாப்புழு உள்ளவரின் மலத்திலுள்ள முட்டைகள் உணவு, நீர், கழுவாத கை வழியாக வயிற்றை அடைகின்றன. ஆகவே, இறைச்சி உண்ணாதவருக்கும் இது வரும். கழிப்பறையும் சோப்பும் காய்கறியைக் கழுவி உண்பதுமே காப்பு.

படத்தில் ஒன்றும் தெரியவில்லையெனில் நோயில்லை என்று பொருளன்று. மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தலாகாது. எம்.ஆர்.ஐ. படம் மூளையில் தழும்பைக் காட்டினால், மருந்துக்கு அடங்காத வலிப்பும் சிலருக்கு அறுவையால் தணிவதுண்டு.

வலிப்பு வரும்போது கையில் இரும்பைத் திணிக்க வேண்டா. வாயில் எதையும் வைக்க வேண்டா. ஒருக்களித்துக் கிடத்தி அருகிலிருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பொம்மிடியில் இரயிலேறினால், ஜோலார்ப்பேட்டை வழியாகக் காட்பாடியில் இறங்கி வேலூர் சேரலாம். தருமபுரியிலும் சேலத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. தொலைவன்று, மகளுக்கு வரன் தடைப்படுமோ என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. நற்செய்தியின் அத்தந்தை பெருங்கூட்டத்தின் நடுவிலும் மகனின் நோயை மறைக்கவில்லை. செபத்தோடு மருத்துவரையும் நாடுவோம். நாமும் மறைக்க வேண்டா.