பச்சோந்தி உங்களுக்கு போஸ் கொடுக்கவில்லை

1/ விரல் நுனியில் குட்டி பச்சோந்தி, ரெண்டு இஞ்ச் தூரத்தில் மொபைல், கீழே "எவ்ளோ க்யூட்டா சிரிக்குது பாருங்க". இதுக்கு லைக் போடும் மக்களே, அது சிரிக்கல. வாயைப் பிளந்து காட்டுவது "கிட்ட வராதே" என்ற மிரட்டல்.

2/ "கலர் மாறுது, செம்ம ஷாட்!" பச்சோந்தி நிறம் மாறுவது முக்கியமா பயம், சண்டை, இணை தேடல், வெப்பநிலை இவற்றால்தான். அதன் தோல் செல்களில் இருக்கும் நுண்படிகங்களின் இடைவெளி மாறும்போது நிறமும் மாறுதுன்னு 2015இல் ஜெனீவா ஆய்வாளர்கள் காட்டினாங்க. கையில் பிடிச்சதும் கறுத்துப் போகுதா? பயந்திருக்குன்னு அர்த்தம்.

3/ "அசையாம நிக்குதே, பழகிடுச்சு." இல்லைங்க. வளர்ப்புக்கு விற்கப்படும் குள்ளப் பச்சோந்திகள் காய்ந்த இலை மாதிரி உறைந்து நின்றுதான் எதிரியிடம் தப்பிக்கும். இங்கே எதிரி நீங்க.

4/ "தீக்குச்சி தலையில் பச்சோந்தி நிக்கிற போட்டோ விஞ்ஞானிகளே எடுத்ததுதானே?" ஆமா. 2012இல் அறிவிக்கப்பட்ட மடகாஸ்கர் இனம், ப்ரூக்கீசியா மைக்ரா. அளவைக் காட்ட எடுத்தது. தினமும் ரீல்ஸ் போட அது லைசென்ஸ் இல்லை.

5/ இப்போ டாக்டரா பேசுறேன். குழந்தை கையில் வச்சு எடுக்கவே எடுக்காதீங்க. ஊர்வன நோயே இல்லாமல் குடலில் சால்மோனெல்லா சுமக்கும். மலம் வழியா தோலுக்கு வரும். கடிக்கணும்னு இல்லை, தொட்ட கை வாய்க்குப் போனா போதும். 5 வயதுக்குக் கீழே வயிற்றுப்போக்கோடு நிற்காமல் ரத்தத்துக்கும் மூளை உறைக்கும் பரவலாம். இதனால்தான் 1975இல் அமெரிக்கா 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமை விற்பனையையே தடை செய்தது.

6/ நம்ம ஊர் பச்சோந்தியைப் பிடிச்சு வளர்ப்பது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உங்க ரீல்ஸே சாட்சி.

7/ வெளிநாட்டில் சட்டப்படி வளர்க்கிறவங்க போட்டோவே எடுக்கக் கூடாதா? எடுங்க. கிளையிலேயே விடுங்க. ஃப்ளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். தள்ளி நின்னு 100 எம்.எம். மேக்ரோ லென்ஸ், இல்லைன்னா ஜூம். கறுத்தாலோ, வாயைத் திறந்தாலோ கேமராவை மூடுங்க. முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க.

8/ நல்ல க்ளோஸ்-அப்னா, எடுத்தது அந்த உயிருக்கே தெரியாம இருக்கணும். கையில் வச்சு எடுத்த படம் உங்க டைம்லைனில் வந்தா லைக் போடாமல் இந்தத் த்ரெட்டைக் கமெண்டில் போடுங்க.