வீடு மகளுக்கு, கடை மகனுக்கு மட்டுமா?

கீழக்கரை பி. எஸ். அப்துர் ரஹ்மானைப் பற்றி வணிகக் கல்வி வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான்: "அவர் இதையெல்லாம் எங்கே படித்தார் டீச்சர்?"

1927இல் பிறந்தவர் அவர். இளம் வயதிலேயே கடல் கடந்து நம் இலங்கைக்கு வந்தார். இரத்தினக்கல் வியாபாரம் பழகினார். பிறகு ஹொங்கொங் போனார். அத்தோடு நின்றிருந்தால் வசதியான கல் வியாபாரி ஒருவரின் கதையாக முடிந்திருக்கும். அவரோ கல்லிலிருந்து கட்டடத்துக்குத் தாவினார். சென்னையின் முதல் மேம்பாலமான ஜெமினி மேம்பாலத்தை 1973இல் கட்டி முடித்தது அவருடைய ஈஸ்ட் கோஸ்ட் நிறுவனம். வள்ளுவர் கோட்டமும் அதன் வேலைதான். துபாயில் ஈ.டி.ஏ. நிறுவனம் தொடங்கியதும் 1973இல்தான். இத்தனைக்கும் அவர் பொறியியல் படித்தவர் அல்லர். பொறியியல் படிக்காத அந்த மனிதர் 1984இல் வண்டலூரில் ஒரு பொறியியல் கல்லூரியையே நிறுவினார்!

இவரைத் 'தானாகவே கற்றவர்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். கல்லின் நிறத்தையும் பழுதையும் கண்டுபிடிப்பது, விலை பேசுவது, யாரை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்று கணிப்பது, இவையெல்லாம் தனியே இருந்து வருகிற அறிவா? பழகியவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும். கீழக்கரைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இலங்கையோடு வியாபாரம் செய்தவர்கள். இரத்தின வியாபாரத்தில் வாய்ச்சொல்லை நம்பிக் கல்லைக் கையில் கொடுத்து, விற்ற பிறகு காசு வாங்கும் வழக்கமும் உண்டு. புதிதாக வருகிற இளைஞனுக்குப் பணத்தைவிடப் பெரிய முதல் அது.

அந்த முதல் நம் பெண் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறதா?

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் நம் ஊர்களில் கலியாணத்தின்போது வீடு மகளுக்கு. வாப்பாமார் வெயிலில் கறுத்து, கடன்பட்டுக் கட்டிக் கொடுக்கிறார்கள். அந்தப் பாசத்தில் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் கடை மகனுக்கு. அவன் பத்து வயதிலேயே கல்லாவடியில் உட்கார்ந்து மீதிக் காசு எண்ணுகிறான். புறக்கோட்டை மொத்த வியாபாரியின் குரல் கூட அவனுக்குத் தெரியும். அவனுடைய ராத்தா கணக்கீட்டில் 'ஏ' எடுத்திருப்பாள். சொந்தக் கடையின் கடன் கொப்பியை ஒரு நாளாவது திறந்து பார்த்திருக்க மாட்டாள். மேடைகளில் கதீஜா நாயகியின் வணிகத்தைப் புகழ்ந்து பேசி முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து "உனக்கேன் கடைக் கதை?" என்கிறோம்.

இதன் விலையைப் பின்னால்தான் கொடுக்கிறோம். கணவன் நோயில் விழுந்த பிறகோ, வெளிநாடு போன பிறகோ ஒரு பெண் தொழில் தொடங்குகிறாள். விலை பேசத் தெரியாது, சரக்கு தருபவரைத் தெரியாது, கிழமைக்குக் கிழமை கட்டும் நுண்கடன்காரரை மட்டும் தெரியும். தையலில் அவள் கைதேர்ந்தவளாக இருப்பாள். ஆனால் கடன் தவணை அவள் கைவேலையைப் பார்த்து இரங்குவதில்லை.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்வதாக எந்த உம்மாவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழக்கரையில் 1988இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி வந்ததும் அப்துர் ரஹ்மானின் முயற்சியால்தான். பட்டம் இருக்கட்டும். அரச நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் பட்டதாரிப் பெண்ணின் கையில் இன்னொன்றும் இருக்கட்டும் என்கிறேன்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை மாதக்கணக்கில் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். அந்த நாட்களில் வாப்பா பற்றுச்சீட்டுப் புத்தகத்தை மகளிடம் கொடுக்கட்டும். கடைக்கு அனுப்பத் தயக்கமென்றால் இரவில் வீட்டிலேயே கணக்கு முடிக்கச் சொல்லட்டும். இந்த மாதம் எந்தச் சாமான் தேங்கியது, ஏன் தேங்கியது, யார் பாக்கி தரவில்லை என்று அவளே கண்டுபிடித்துச் சொல்லட்டும். கொழும்புக்குச் சரக்குச் சொல்லும் அழைப்பை ஒரு முறை அவளே எடுக்கட்டும்.