கிட்டாரைக் கைவிட்டார்களா?

"கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு மெஷினைத் தட்ட ஆரம்பித்தால் அந்த பேண்ட் அன்றோடு காலி" என்று வகுப்பில் ஒரு நண்பன் அடித்துச் சொன்னான். பாதிச் சண்டையை அங்கேயே போட்டாயிற்று. மீதி இங்கே.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கத்து நியூ ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஜாய் டிவிஷன் என்ற பெயரில் இருண்ட, இறுக்கமான கிட்டார் இசை. 1980 மே 18 அன்று பாடகர் இயன் கர்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். வயது 23. மற்ற மூவரும் பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்கள். கீபோர்டுக்கு கிலியன் கில்பர்ட் வந்தார். பாடும் வேலை கிட்டாரிஸ்ட் பெர்னார்ட் சம்னர் தலையில் விழுந்தது.

1981-இல் வந்த 'மூவ்மெண்ட்' ஆல்பத்தைக் கேட்டால், இறந்தவரின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது போலவே இருக்கும். நண்பன் சொல்வது போல் நடந்திருந்தால் காலத்துக்கும் அப்படியே நின்றிருப்பார்கள். நல்ல வேளை, அதே வருடம் 'எவ்ரிதிங்ஸ் கான் கிரீன்' பாட்டில் சீக்வென்சர் துடிக்க ஆரம்பித்தது. 1982-இல் 'டெம்ப்டேஷன்'. 1983 மார்ச்சில் 'ப்ளூ மண்டே', ஏழரை நிமிடம்!

மெஷினுக்கு உயிர் இல்லை என்பவர்கள் இதை ஒருமுறை கேளுங்கள். கில்பர்ட் சீக்வென்சரில் சுரங்களை ஒவ்வொன்றாக ஏற்றும்போது ஒன்று விட்டுப்போனது. அதனால் மெட்டு தாளத்தை விட்டு லேசாக விலகியே ஓடும். அப்படியே விட்டுவிட்டார்கள். அதற்கு மேலே பீட்டர் ஹுக்கின் பேஸ் கிட்டார், ஜாய் டிவிஷனில் வாசித்த அதே உச்ச ஸ்தாயியில். கிட்டார் எங்கே போனது?

(ஃப்ளாப்பி டிஸ்க் மாதிரி வடிவமைத்த அதன் உறைக்கு ஆன செலவில், விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் நஷ்டம் என்பார்கள். காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறவனுக்கு வயிறு எரிகிறது.)

இன்னொன்று. கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் எலக்ட்ரானிக் குழுவை இவர்களுக்கு அறிமுகப்படுத்தியதே கர்டிஸ்தான். அவர் இருந்தபோதே பதிவான 'ஐசொலேஷன்' பாட்டில் சிந்தசைசர்தான் முன்னால் நிற்கும். அப்புறம் யாருக்குத் துரோகம்?

1983-இல் பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில், வாயசைக்க மாட்டோம் என்று 'ப்ளூ மண்டே'யை நேரடியாகவே வாசித்தார்கள். செம சொதப்பல் :-) நாளைக்கு நண்பனுக்கு அந்த வீடியோவைத்தான் முதலில் காட்டப்போகிறேன்.