தணியாத தாகம்



தென்காசியில் சாரல் தூறத் தொடங்கினால் நம் மக்கள் குற்றாலத்திற்கு விரைவார்கள். அருவியின் இரைச்சலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கோ, தண்ணீருக்காகவே வசை வாங்கிய ஒரு சிறுவன் நினைவுக்கு வருகிறான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஞாயிறு திருப்பலியின்போது அவன் இருமுறை, மும்முறை எழுந்து குழாயடிக்கு ஓடுவான். ஒரு நாள் மறையுரையை நிறுத்தி, அனைவர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். “ராத்திரியும் ஏழெட்டுத் தடவை எழுந்து குடிக்கான் சாமி” என்று தாய் கூறியதை நான் பொருட்படுத்தவில்லை. காதில் ஓயாது சீழ் வடிந்தது. தலையில் பொடுகுபோல் செதில் படிந்தது. எல்லாம் வெவ்வேறு தொல்லைகள் என்றே எண்ணினோம். முன்னோர் சாபம், மந்திரிக்க வேண்டும் என்றவர்களும் உண்டு. அவர்களும் ஞாயிறுதோறும் நற்கருணை வாங்குகிறவர்களே!

மண்டையோட்டில் வீக்கம் எழுந்த பின்னரே வெளியூர்ப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். எக்ஸ்ரே படத்தில் எலும்பு துளைபட்டிருந்தது. சதையை எடுத்துச் சோதித்ததில், எல்லாம் ஒரே நோய் எனத் தெளிவாயிற்று. அதன் பெயர் லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ்.

1868-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவ மாணவர் தோலில் சில அணுக்களைக் கண்டு, அவை நரம்பைச் சேர்ந்தவை எனக் கருதினார். உண்மையில் அவை உடலின் காவல் அணுக்கள். அவற்றை ஒத்த அணுக்கள் வரம்பின்றிப் பெருகி எலும்பு, தோல், ஈரல், நுரையீரல் எனப் பல உறுப்புகளைத் தாக்குவதே இந்நோய். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தாக்கினால், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் சுரப்பு குன்றி உடலில் நீர் தங்காது. அந்தத் தாகத்தையே நான் அடங்காமை என்று நினைத்தேன். இது தொற்றுநோயன்று. நோயுற்ற அணுக்களில் மட்டும் ஒரு மரபணு மாறியிருப்பதை, ஏறத்தாழ பாதி நோயாளிகளிடம், 2010-இல் ஆய்வாளர் கண்டனர். பெற்றோரின் பாவத்திற்கு இதில் இடமேது?

இதற்கு முதலில் தரும் மருந்துகளுள் ஒன்று வின்பிளாஸ்டின். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து 1958-இல் கனடாவில் நோபிள், பீர் என்னும் இருவர் பிரித்தெடுத்தது. நாம் சுடுகாட்டுமல்லி என்று ஒதுக்குகிறோமே, அதே செடிதான். நவம்பர் 2-ஆம் நாளுக்காக நம் கல்லறைத் தோட்டத்தைத் துப்புரவு செய்கையில் முதலில் பிடுங்கி எறிவதும் அதையே. (இலையைக் காய்ச்சிக் குடித்துவிடாதீர்கள், நஞ்சு.)

ஓராண்டு ஊசி போட்டார்கள். எலும்பு வளர்ந்து மூடிக்கொண்டது. பழுதான சுரப்பி மீளவில்லை. நாள்தோறும் மாத்திரை உண்டு. அவனிடமும் தாயிடமும் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவன் பீடச் சிறுவன். பீடத்தின் பின்னறையில் அவனுக்கென ஒரு கூஜாத் தண்ணீர் எப்போதும் இருக்கும். திருப்பலிக்கு முன் அதை நிரப்பி வைப்பது என் வேலை.