பயனற்ற எண்

இலக்கியத்தால் என்ன பயன் என்று கேட்பவர்கள்மீது நமக்குக் கோபம் வருகிறது. எண்களிடம் அதே கேள்வியை நாமே கேட்கிறோம். 2,14,74,83,647 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முப்பத்தோர் இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. இது பகா எண் என்று மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி 1644-இல் சொன்னார். (அவருடைய பட்டியலில் பிழைகளும் உண்டு.)

நிறுவியவர் ஆய்லர், 1772-இல், பார்வையை ஏறக்குறைய இழந்துவிட்டிருந்த நிலையில். 46,340 வரையிலான நாலாயிரத்துச் சொச்சம் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கும் வழி இருந்தது. அவரோ, இதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால் அதை 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 ஆகத்தான் வரும் என்று கண்டார். சோதிக்க வேண்டியவை நூற்றுக்கும் கீழே குறைந்துபோயின. இந்தச் சிக்கனத்தின் அழகு நல்ல வெண்பாவுக்கு உரியது.

இவ்வெண்ணை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் செவ்விய எண் ஒன்று கிடைக்கும். தன்னினும் சிறிய வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமானது. இதைவிடப் பெரியதை எவரும் காணப்போவதில்லை என்று 1811-இல் பீட்டர் பார்லோ எழுதினார். வெறும் விந்தை, பயனற்றது, யார் மெனக்கெடுவார்கள் என்பது அவர் காரணம். 1876-இல் லூகா 39 இலக்கப் பகா எண்ணொன்றை நிறுவி, அதன்வழி இன்னும் பெரிய செவ்விய எண்ணுக்கும் வழி செய்தார்.

குறியுடன் கூடிய 32 பிட் கணக்கில் கணினி கொள்ளும் மிகப்பெரிய முழு எண் இதுவே, பயன் வந்துவிட்டதே என்பார்கள் சிலர். இந்த வாதம் நமக்கு உவப்பில்லை. அந்த எல்லை இருமங்களின் எண்ணிக்கையால் அமைந்தது. எண் பகுபட்டிருந்தாலும் அங்கேயேதான் இருந்திருக்கும். 2024-இல் கண்டறியப்பட்ட மெர்சென் பகா எண்ணுக்கு நாலு கோடிக்கும் மேல் இலக்கங்கள். அதற்கு ஒரு வேலை தேடிக்கொடுக்க யாரும் அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.