கையெழுத்துக்கு முன் தீர்மானத்தைப் படிக்கச் சொல்லுங்கள்

வரும் வெள்ளிக்கிழமை ஆகஸ்ட் 15. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை கூடும். ஒரு பந்தல், கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக், ஒரு பதிவேடு. அந்தப் பதிவேடு உங்கள் கைக்கும் வரும். "அண்ணா, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்பார்கள். நீங்கள் போடுவீர்கள். நானும் பல வருடங்களாகப் போட்டிருக்கிறேன்.

இந்த முறை எழுந்து போவதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எழுதின தீர்மானத்தைப் படிச்சுக் காட்டுங்க."

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆரணியை ஒட்டிய ஒரு கிராமத்தில் எனக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. கடந்த ஜனவரி 26 கிராம சபையில், எங்கள் ஏரிக்கு வரும் வரத்துக் கால்வாய் தூர்ந்து கிடப்பதைப் பற்றிப் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். குறிப்பெடுத்தவரும் தலையாட்டினார். கூட்டம் முடிந்தது, டீ வந்தது, வீட்டுக்குப் போனேன். மூன்று மாதம் கழித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுத் தீர்மான நகலை வாங்கிப் பார்த்தால், தெருவிளக்கு இருக்கிறது, குடிநீர்த் தொட்டி இருக்கிறது, மேலிருந்து அனுப்பிய பொதுத் தீர்மானங்கள் எல்லாம் இருக்கின்றன. கால்வாய் மட்டும் இல்லை. என் கையெழுத்து இருந்தது.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுவதில் தவறே இல்லை. என்ன எழுதினார்கள் என்று கேட்காமல் கலைந்து போனதுதான் தவறு. அது என் தவறு.

இந்த ஆண்டு ஏன் முக்கியம்?

நம் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். அப்போது தேர்வானவர்களின் ஐந்தாண்டுப் பதவிக் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்று உங்கள் ஊரில் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. தனி அலுவலர் பொறுப்பில் நிர்வாகம் நடக்கிறது. ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளையும் ஒரே வட்டார வளர்ச்சி அலுவலர் சேர்த்துப் பார்க்கவேண்டிய நிலை. அவர் எத்தனை நல்லவராக இருந்தாலும், உங்கள் ஊரின் எந்த மதகு ஒழுகுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இது புதிதும் அல்ல. 2016 அக்டோபரில் இருந்து 2020 ஜனவரி வரை மூன்று ஆண்டுகளுக்கு மேல் இப்படித்தான் இருந்தோம். தலைவர் இருந்தால் காலையில் வீட்டுத் திண்ணையில் போய் நின்று கேட்கலாம், சண்டையும் போடலாம். இப்போது அந்தத் திண்ணை இல்லை. மிச்சம் இருப்பது கிராம சபை ஒன்றுதான். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன்படி, உங்கள் ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். அந்தப் பதவிக்கு ஐந்தாண்டுக் கெடு கிடையாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்த கூட்ட நாட்கள், 2022-இல் இருந்து மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்து ஆறாகிவிட்டன.

அந்த ஆறில் விவசாயிக்கு மிகவும் வேண்டியது இந்த ஆகஸ்ட் 15-தான். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கால்வாய் காய்ந்து கிடக்கிறது. இப்போது கேட்டால் வேலை நடக்க வழியுண்டு. மழை தொடங்கிய பிறகு கேட்டால் "தண்ணி வடியட்டும்" என்பார்கள். வடிந்த பிறகு கேட்டால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள்.

கால்வாய் அடைபட்டால் இரண்டு நஷ்டம்

ஜவ்வாது மலையில் இருந்து வரும் கமண்டல நாகநதியில் வருடத்தில் சில நாட்கள்தான் தண்ணீர் புரண்டு ஓடும். அந்தச் சில நாள் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் நம் முன்னோர் ஏரிக்கு ஏரி கால்வாய் வெட்டினார்கள். மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால், அந்தத் தண்ணீர் கீழ் ஏரிக்கு வரும். இடையில் ஓர் இடம் அடைபட்டாலும் அதற்குக் கீழே உள்ள எல்லா ஏரிக்கும் நஷ்டம்.

கடந்த டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது எங்கள் ஊரில் நடந்தது இதுதான்: கால்வாய் ஓரத்துக் கழனிகளில் சம்பா நெல் கழுத்தளவு தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. ஏரி பாதிகூட நிரம்பவில்லை. ஏரிக்குப் போகவேண்டிய தண்ணீர் சீமைக் கருவேலத்தில் முட்டி, கழனிக்குள் திரும்பிவிட்டது. டிசம்பரில் தண்ணீர் அதிகமாகி நெல் போனது. மார்ச்சில் தண்ணீர் இல்லாமல் நவரையும் போனது, கிணறும் இறங்கிவிட்டது. ஒரே கால்வாயால் ஒரே வருடத்தில் இரண்டு நஷ்டம்.

இது கழனிக்காரர் கவலை மட்டும் அல்ல. ஆரணிப் பட்டு என்று பெயர் நகரத்துக்கு இருந்தாலும், தறிச் சத்தம் சுற்றுக் கிராமங்களிலும் கேட்கிறது. குழித்தறி தரை மட்டத்துக்குக் கீழே இருப்பது. ஏரிக்குள் போகாத தண்ணீர் தெருவுக்கு வரும். தெருத் தண்ணீர் வீட்டுக்குள் ஊறினால் முதலில் நிறைவது தறிக்குழிதான். குழி காயும்வரை நாடா ஓடாது, நெய்தால்தான் கூலி. தெரு காயாமல் பாவு நீட்டவும் முடியாது. ஆகவே "கால்வாய் விவசாயி சமாச்சாரம்" என்று நெசவாளர் வீட்டில் இருந்துவிடக் கூடாது. "சாக்கடை தறிக்காரங்க சமாச்சாரம்" என்று நாமும் இருந்துவிடக் கூடாது. இரண்டு பேரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து கேட்டால்தான் குரலுக்கு எடை வரும்.

எப்படிக் கேட்பது?

"ஏரியைக் கவனிங்க" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் எழுதுவார்கள். மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள்.

முதலாவது, ஏரி யாருடையது? 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர், அல்லது அதற்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் அது நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. இது தெரியாமல் போனால் இந்த அலுவலகத்துக்கும் அந்த அலுவலகத்துக்கும் நடந்தே செருப்புத் தேயும்.

இரண்டாவது, கால்வாயின் சர்வே எண். கிராம வரைபடத்திலும் 'அ' பதிவேட்டிலும் அது வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவாகியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். புலப்பட நகலையும் எடுத்துவையுங்கள். படத்தில் இருக்கும் அகலமும் தரையில் இருக்கும் அகலமும் ஒன்றுதானா என்று ஒரு முறை நடந்து பார்த்துவிடுங்கள். கூடவே கைப்பேசியில் நாலு படம்.

மூன்றாவது, தீர்மானத்தை நீங்களே எழுதி எடுத்துப் போங்கள். பெரிய தமிழ் தேவையில்லை. இப்படி இருந்தால் போதும்: "நம் ஊராட்சியில் இந்த சர்வே எண்ணில் உள்ள வரத்துக் கால்வாயை, இந்த இடத்தில் இருந்து இந்த இடம் வரை அளந்து, எல்லைக் கல் நட்டு, ஆக்கிரமிப்பு இருந்தால் அகற்றி, வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்வாரித் தருமாறு வட்டாட்சியரையும் வட்டார வளர்ச்சி அலுவலரையும் இந்தக் கிராம சபை கேட்டுக்கொள்கிறது." எண்ணும் இடமும் காலக்கெடுவும் இல்லாத தீர்மானம், தேதி போடாத பத்திரிகை வைத்துக் கல்யாணத்துக்கு அழைப்பதைப் போன்றது.

அதைப் படித்துக் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, ஏற்றியதைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் சத்தம் வேண்டாம். மறுநாளே தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

தனியாகப் போகாமல் ஆயக்கட்டுக்காரர்கள் பத்துப் பேராவது சேர்ந்து போங்கள். கூட்டம் செல்லக் குறைந்தபட்ச வருகையும் வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். எங்கள் ஊரில் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் நிரப்புவது நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான். நிலம் வைத்திருக்கும் நாம் டீக்கடையில் நின்றுகொண்டு, "கூட்டம் சும்மா நடக்குது" என்கிறோம். ஆரணி டவுனில் குடியிருந்து அங்கேயே ஓட்டு வைத்திருப்பவர்கள் கிராம சபை உறுப்பினர் ஆக முடியாது. அவர்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்பவரையாவது போகச் சொல்லுங்கள்.

வெறும் பேப்பர்தானே என்பவர்களுக்கு

"தீர்மானம் போட்டு என்ன கண்டோம்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. தீர்மானம் மண்வெட்டி அல்ல. அது தானாக மண் அள்ளாது. ஆக்கிரமிப்பை அளப்பதும் அகற்றுவதும் வருவாய்த் துறை கையில் இருக்கிறது. பணம் ஒதுக்குவது வேறு இடத்தில் இருக்கிறது. ஆனால் நாளைக்கு ஓர் அதிகாரி "எங்களிடம் யாரும் கேட்கவில்லையே" என்று சொல்ல முடியாது. நீங்கள் மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்துக்குப் போனாலும், நீதிமன்றத்துக்கே போனாலும், ஊரே கேட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் அரிட்டாபட்டியை நினைத்துப் பாருங்கள். டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று அந்த வட்டாரத்து ஊராட்சிகள் 2024 நவம்பர் 23 கிராம சபையில் தீர்மானம் போட்டன. மக்கள் தெருவில் இறங்கினார்கள். டிசம்பர் 9-இல் சட்டப்பேரவையும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டுமே சுரங்கத்தை நிறுத்தவில்லை. ஆனால் போராட்டத்துக்குக் காலூன்ற ஒரு தரை கொடுத்தது. மலைக்கே எழுதும்போது ஒரு வாய்க்காலுக்கு எழுத முடியாதா?

சொல்லக் கூச்சமான ஒன்று

நாம் கால்வாயைப் பற்றிப் பேசாததற்கு உண்மைக் காரணம் அதிகாரி அல்ல. ஆக்கிரமித்தவர் பங்காளி, சம்பந்தி, பக்கத்துக் கழனிக்காரர். அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற தயக்கம். சில வீடுகளில் அந்த ஆள் நாமேதான்.

புலப்பட நகலை வைத்து அளந்தபோது, எங்கள் வரப்பும் கால்வாய்க்குள் இரண்டடி நகர்ந்திருப்பது தெரிந்தது. எப்போது நகர்ந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு வருடமும் வரப்புக் கழிக்கும்போது ஒரு மண்வெட்டி மண்ணை அந்தப் பக்கம் போட்டிருப்போம். கடந்த மாதம் அந்த இரண்டடியை வெட்டி உள்ளே இழுத்துவிட்டேன். போனது ஒரு வரிசை நாற்று. ஆனால் வெள்ளிக்கிழமை எழுந்து பேசும்போது, "முதல்ல உன் வரப்பைப் பாரு" என்று யாரும் சொல்ல முடியாது. நீங்களும் போவதற்கு முன் உங்கள் வரப்பை ஒரு முறை அளந்துவிடுங்கள்.

பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூரில், சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முந்தைய பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனியே ஒரு குழுவே வைத்திருந்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்று கல்லில் வெட்டினார்கள். பங்காளி முகம் பார்த்துக் கணக்குக் கேட்காமல் விடுவது அன்றைக்கும் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைக் கல்லில் வெட்டவேண்டிய தேவை என்ன?

இந்த வெள்ளிக்கிழமை தீர்மானம் ஏறிவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். அடுத்த கிராம சபையில் மைக் உங்கள் கைக்கு வந்ததும் முதலில் கேட்கவேண்டியது புதுக் கோரிக்கை அல்ல. "போன தீர்மானம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலையும் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு எழுந்து வீட்டுக்குப் போங்கள்.