கப்பலில் வந்தவர் பஸ்ஸில் ஏறலாமா?

"கப்பலில் போய்விட்டு வந்து, பஸ்ஸிலா வீட்டுக்குப் போவது?"

இப்படிக் கேட்டவர் என் அத்தான். கேட்ட இடம் சென்னைத் துறைமுகத்தின் வாசல். நேரம் காலை எட்டு மணி. அக்காவும் அத்தானும் அவர்கள் மகளும் கோயம்புத்தூரிலிருந்து வந்து, ஓர் உல்லாசக் கப்பலில் மூன்று நாள் கடலைச் சுற்றிவிட்டு அன்று காலைதான் கரை இறங்கியிருந்தார்கள். அவர்களை வடபழனிக்கு அழைத்து வருவதற்காக நான் போயிருந்தேன். பஸ்ஸில் போயிருந்தேன் என்பது நான் செய்த முதல் குற்றம். பஸ்ஸிலேயே திரும்பலாம் என்று சொன்னது அதைவிடப் பெரிய குற்றம்.

வாசலில் நின்றிருந்த டாக்ஸிக்காரர் 1,400 ரூபாய் கேட்டார். அங்கிருந்து வடபழனி பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் இருக்கும். அவரை நான் திட்டப் போவதில்லை. விடியற்காலை நான்கு மணியிலிருந்து காத்திருப்பதாகச் சொன்னார். கப்பல் தினமும் வருவதில்லை; வருகிற அன்று ஒரு சவாரி கிடைத்தால் அதிலேயே நாலு நாள் நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும். அவர் கேட்டது அநியாயமாக இருக்கலாம். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. கேட்ட மாத்திரத்தில் பையில் கை விட்டாரே என் அத்தான், அதற்குத்தான் காரணம் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

உல்லாசக் கப்பல் என்பது சென்னைக்கு அண்மையில் வந்த பழக்கம். 2022 ஜூன் மாதத்தில் 'எம்பிரஸ்' என்ற கப்பல் இங்கிருந்து விசாகப்பட்டினம் பக்கம் போய் வரத் தொடங்கியது. 2023 ஜூனில் அதே கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்குப் போயிற்று. ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் ஏறக்கூடிய கப்பல் அது. அதில் 1,500 பேர் ஒரே காலையில் இறங்குகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆளுக்கொரு பெட்டி, காருக்கு மூன்று பேர். ராஜாஜி சாலையில் 500 கார்கள் வந்து நிற்க வேண்டும். பஸ்ஸானால் 30 போதும். இந்தக் கணக்கைப் போட மேல்படிப்பு தேவையில்லை. இரண்டு வருஷத்தோடு கல்லூரியை விட்டுவிட்டுக் கதை எழுத வந்த எனக்கே வருகிறது. ஆனாலும் 500 கார்களில் ஒன்று நம்முடையதாக இருக்கும் வரையில் நாம் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. மற்ற 499 கார்களையும் பார்த்து, "என்ன நெரிசல், என்ன நகரம்!" என்று அலுத்துக் கொள்கிறோம்.

துறைமுகத்தைச் சுற்றிலும் வண்டி வசதி இல்லையா? சாலையைக் கடந்தால் பீச் ஸ்டேஷன். 1931-லிருந்து அங்கே மின்சார ரெயில் ஓடுகிறது; ஏறினால் கோடம்பாக்கத்தில் இறங்கலாம். சற்று நடந்தால் உயர்நீதிமன்ற மெட்ரோ நிலையம். சென்ட்ரலில் மாறினால் வடபழனியிலேயே கொண்டு வந்து விட்டுவிடும். பர்மா பஜாரை ஒட்டி நடந்தால் பாரிமுனை; அங்கே நகரத்தின் எந்த மூலைக்கும் பஸ் உண்டு. இத்தனையையும் காலடியில் வைத்துக் கொண்டு, "இங்கே ஒன்றும் சரியில்லை, டாக்ஸிதான் வழி" என்று சொல்லுகிறோம்.

என் அத்தானைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அவர் கோபித்துக் கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில் சொல்லுகிறேன். சில வருஷங்களுக்கு முன் அவர் சிங்கப்பூர் போய் வந்தார். திரும்பி வந்து ஆறு மாதம் வரையில் அந்த ஊர் ரெயிலையும் பஸ்ஸையும் பற்றித்தான் பேச்சு. "ஹார்பர்ஃப்ரண்டில் கப்பலை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே ரெயில், பக்கத்திலேயே பஸ்! ஒரே அட்டையைத் தட்டிவிட்டு ஊர் முழுக்கச் சுற்றினோம்!" என்று அந்த அட்டையை எங்களுக்கெல்லாம் காட்டினார். பினாங்குக்குப் போன நண்பர் ஒருவரோ, ஜார்ஜ் டவுனில் ஓசிப் பஸ் ஓடுகிறது என்றும், தாம் அதில் இரண்டு முறை வட்டம் அடித்ததாகவும் பெருமையோடு கடிதம் எழுதினார். அயல்நாட்டில் பஸ் ஏறினால் அது நாகரிகம், அநுபவம். சொந்த ஊரில் ஏறினால் மட்டும் அது ஏழ்மை! பஸ் மாறவில்லை, நாமும் மாறவில்லை. நம்மைப் பார்க்கிற கண்கள்தான் மாறுகின்றன. சிங்கப்பூரில் நம்மைத் தெரிந்தவர் யாரும் இல்லை. வடபழனியில் எதிர் வீட்டுக்காரர் பால்கனியில் நிற்கிறார்.

இந்தக் கௌரவம் ஆதிகாலத்திலிருந்து வந்ததா என்றால், இல்லை. 1926-ல் கட்டப்பட்ட 'ரஜுலா' என்ற கப்பல் 1973 வரையில் சென்னைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் அதன் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, கடல் கடந்து பிழைக்கப் போனார்கள், திரும்பி வந்தார்கள். தகரப் பெட்டியோடு இதே வாசலில்தான் இறங்கினார்கள். 1895-ல் தொடங்கிய டிராம் வண்டி, துறைமுகத்தையும் நகரத்தின் உட்பகுதியையும் இணைத்தது. 1953-ல் அதை நிறுத்தும் வரையில் ஏழையும் குமாஸ்தாவும் வக்கீலும் அதில்தான் போனார்கள். கடல் கடந்து சம்பாதித்து வந்தவருக்கு டிராம் ஆகிவந்தது. மூன்று நாள் கடலைப் பார்த்துவிட்டு வந்தவருக்குப் பஸ் ஆகவில்லை.

இனி ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். அவை எல்லாவற்றையும் அன்று அரை மணி நேரத்துக்குள் அத்தானே சொல்லிவிட்டார்.

"பெட்டி இருக்கிறதே?" இருக்கிறது. அதற்குச் சக்கரமும் இருக்கிறது. விமான நிலையத்தில் அரை மைல் இழுத்துக்கொண்டு நடக்கிறோம். பாரிமுனை வரை இழுக்க மட்டும் கை வலிக்குமா?

"வயசானவர்கள் என்ன செய்வார்கள்?" இது நியாயமான கேள்வி. முழங்கால் வலிக்காரரையும் கைக்குழந்தைக்காரியையும் பஸ்ஸில் ஏறு என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்காகத்தான் டாக்ஸி இருக்க வேண்டும். ஆனால் கப்பலிலிருந்து இறங்குகிற எல்லோருக்குமா முழங்கால் வலி? மேலும், சென்னையில் 2024 முதல் படி தாழ்ந்த பஸ்கள் மறுபடியும் வரத் தொடங்கின. 2025 ஜூனில் தாழ்தள மின்சாரப் பஸ்கள் 120 வந்தன. அவை தாமாக வரவில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் நீதிமன்றம் வரை போய் விடாமல் போராடியதால் வந்தன. பஸ்ஸில் ஏறவே முடியாதவர்கள் பஸ்ஸுக்காக வழக்காடினார்கள். ஏற முடிந்த நாம் டாக்ஸிக்குக் கை காட்டினோம்.

"எந்தப் பஸ் எங்கே போகிறது என்று வெளியூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்?" இந்தக் கேள்வியில் பாதிக் குற்றம் அதிகாரிகளுடையது. ஒப்புக்கொள்கிறேன். கப்பல் வருகிற நாளில் துறைமுக வாசலிலிருந்து மெட்ரோவுக்கும் பாரிமுனைக்கும் ஒரு சிற்றுந்து விட்டால் என்ன? "தியாகராய நகருக்கு இப்படி, வடபழனிக்கு இப்படி, மயிலாப்பூருக்கு இப்படி" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை எழுதி வைக்க எத்தனை ரூபாய் ஆகிவிடும்? கப்பலில் இரவு விருந்துக்கு எந்த உடுப்பு உடுத்துவது என்று பக்கம் பக்கமாக அச்சிட்டுக் கொடுக்கிறவர்கள், கரைக்கு வந்தபின் எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்று ஒரு வரி சேர்க்கக் கூடாதா? இதைக் கேட்க வேண்டியவர்கள் நாம். நாம் கேட்பதில்லை. ஏனென்றால் நமக்கு டாக்ஸி வந்துவிட்டது.

கட்டுரையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்களில் நாளொன்றுக்குச் சுமார் 30 லட்சம் பேர் போகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதாதவர்கள். அதிகாரியைப் பெயர் சொல்லி விசாரிக்கத் தெரியாதவர்கள். எழுதத் தெரிந்த நாம் பஸ்ஸை விட்டு இறங்கினோம். நாம் இறங்கியதோடு நம்முடைய புகார்களும் இறங்கிவிட்டன. நிறுத்தத்தில் நிழல் இல்லாமல் போனால் நமக்குத் தெரியாது. இரவு ஒன்பது மணிப் பஸ்ஸைக் குறைத்தால் நமக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் சமையல் செய்யும் அம்மாளுக்குத் தெரியும். பஸ் வராத அன்று அவள் தாமதமாக வருகிறாள். தாமதத்துக்கு நாம் அவளைக் கோபிக்கிறோம். பஸ்ஸைக் கோபிக்க நமக்குத் தோன்றுவதில்லை.

"நீர் என்ன, பெரிய பஸ் பக்தரோ?" என்று வாசகர் கேட்கலாம். இல்லை. நான் ஒரு பிராயச்சித்தக்காரன்.

என் தகப்பனார் தம்புச் செட்டித் தெருவில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதினார். வடபழனியிலிருந்து பாரிமுனைக்கு முப்பது வருஷம் பஸ்ஸில் போய் வந்தார். 1972-ல் தொடங்கிய பல்லவன் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்களை அவர் 'நம்ம பல்லவன்' என்றுதான் சொல்லுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. செவ்வாய்க்கிழமை முருகன் கோயில் என்றால் நடை. மற்ற நாட்களில் ஏதாவது ஒரு பஸ். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடை, மயிலாப்பூரில் ஒரு சிநேகிதர், பட்டினப்பாக்கத்தில் கடல் காற்று. வடபழனி வழியாகப் பட்டினப்பாக்கம் போகிற 12பி பஸ்ஸை வைத்து 2001-ல் ஒரு சினிமாவே வந்தது. பஸ்ஸைப் பிடித்தால் ஒருவனுக்கு ஒரு வாழ்க்கை, தவறவிட்டால் வேறொரு வாழ்க்கை என்பது கதை. அப்பா அதைக் கேட்டு, "அப்படிப் பார்த்தால் எனக்கு ஆயிரம் வாழ்க்கை" என்று சிரித்தார்.

சினிமாவுக்கு நான் வசனம் எழுதி நாலு காசு வந்தது. கார் வாங்கினேன். "இனிமேல் நீங்கள் பஸ்ஸில் போகக் கூடாது. யாராவது பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? டாக்ஸி வரவழைத்துத் தருகிறேன்" என்றேன். அன்பினால் சொன்னதாகத்தான் அப்போது நினைத்துக் கொண்டேன். அப்பா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. முதல் மாதம் நாலு முறை டாக்ஸியில் போனார். அடுத்த மாதம் இரண்டு முறை. பிறகு, "எதற்குப்பா உனக்கு வீண் செலவு, வெயில் வேறு" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். மயிலாப்பூர் சிநேகிதர் இறந்த செய்தி மூன்று வாரம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

டாக்ஸிக்கு மகனைக் கேட்க வேண்டும். பஸ்ஸுக்கு யாரையும் கேட்க வேண்டாம். சட்டைப் பையில் பத்து ரூபாய் இருந்தால் போதும். ஊர் முழுதும் உம்முடையது. நான் அவரிடமிருந்து பிடுங்கியது பஸ்ஸை அல்ல, ஊரை. அவர் போன பிறகுதான் எனக்கு இது விளங்கிற்று. அதற்கப்புறம் காரை வீட்டில் வைத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினேன். இப்போதும் ஏறுகிறேன். அதனால் அவருக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று என்ன நடந்தது என்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பஸ்ஸில்தான் வந்தோம். சுகமாக வந்தோம் என்று பொய் சொல்ல மாட்டேன். பெட்டி வழியை அடைத்ததால் ஒரு பூக்கார அம்மாள் எங்களை வைதாள். வைதுவிட்டு அவளே அதைத் தன் கூடைக்குப் பக்கத்தில் இழுத்துப் பிடித்துக் கொண்டாள். அத்தான் ஜெமினி வரையில் நின்று கொண்டே வந்தார். வாய் திறக்கவில்லை. சாதாரணக் கட்டணப் பஸ்ஸானபடியால் அக்காவுக்கும் அவள் மகளுக்கும் கண்டக்டர் காசு வாங்காமல் டிக்கட் கொடுத்தார். பெண்களுக்கான இந்தச் சலுகை 2021 மே மாதத்தில் தொடங்கியது. எனக்கும் அத்தானுக்குமாகச் சேர்த்து 30 ரூபாய்க்குள் ஆயிற்று. லிபர்ட்டி, பவர் ஹவுஸ் என்று கண்டக்டர் கூவக் கூவ, அக்கா ஜன்னல் வழியே சின்ன வயதில் பார்த்த இடங்களையெல்லாம் மகளுக்குக் காட்டிக்கொண்டு வந்தாள்.

அத்தான் மனம் மாறினாரா? இல்லை. மறுநாள் ஊருக்குப் போகச் சென்ட்ரலுக்கு டாக்ஸிதான் வேண்டும் என்று முன்னதாகவே சொல்லிவிட்டார். நானும் தர்க்கம் செய்யவில்லை.

ஆனால் அன்று பிற்பகல் வீட்டில் அக்காவைக் காணோம். கோயம்புத்தூரில் டிரைவர் வராத நாளில் கடைத்தெருவுக்குக்கூடப் போகாதவள் அவள். ஒரு மணி நேரம் எல்லோரும் தேடினோம். ஐந்து மணிக்கு ஒரு பையோடு வந்து நின்றாள்.

"எங்கே போனாய், யாரோடு போனாய்?" என்று அத்தான் பதறினார்.

"பாண்டி பஜாருக்கு. பஸ்ஸில்" என்றாள் அக்கா. "இதற்கு யாரைக் கேட்க வேண்டும்?"

அந்தக் கேள்விக்கு அத்தானிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.